நூறு கிராமுக்குள் ஒரு கத்தி

என் மதினி ஒரு கத்தியைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட காலத்தில் எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து, பேசி, கல்யாணமும் முடித்து, மறுவீட்டு விருந்துக்கு ஆடும் வெட்டியிருப்பார்கள். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று மதினி சொல்வார். சொல்லட்டும். அலைந்தது நான்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. சின்னமனூர் பஜாரில் அண்ணனுக்கு மளிகைக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எனக்கும் மதினிக்கும் இரண்டு வயசுதான் வித்தியாசம். இருவரும் ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம். நாத்தனாரும் மதினியும் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் அண்ணன் வீட்டுக்குள்ளேயே வரமாட்டார். அவ்வளவு சத்தமாகச் சிரிப்போம்.

எல்லாம் நான் ஆரம்பித்து வைத்ததுதான். மதுரையில் ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயசுகூட இருக்காது. நாற்பதைத் தாண்டிய பெண்களை மட்டும் சேர்த்துக்கொண்டு மலை நடைக்குக் கூட்டிப்போகிறாள். காலாண்டு லீவில் போடிக்கு மேலே ஏலத்தோட்டம், தேயிலைத் தோட்டம் வழியாக நான்கு நாள் நடை. முதுகில் பை, இரவில் கூடாரம். ஒரு கூடாரத்துக்கு இரண்டு பேர். போனில் அந்தச் செய்தியைப் பார்த்த அதே நிமிஷத்தில் என் பெயரையும் மதினி பெயரையும் கொடுத்துவிட்டேன். மதினியைக் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பார். யோசித்தால் சாம்பார் கொதிக்கும், பால்காரர் வருவார், யோசனை அங்கேயே நின்றுபோகும்.

சொன்னதும் அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய வெற்றி. வேறொன்றைக் கேட்டார்.

"அங்கன யாரு சமைப்பாக?"

"எல்லாரும் சேந்துதான் மதினி."

"காய் நறுக்க கத்தி?"

மதுரைப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அடுப்புக்கு ஆள் இருக்கிறது, பாத்திரத்துக்கு ஆள் இருக்கிறது, கத்தியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டாள். நிபந்தனையும் போட்டாள். மடக்குகிற கத்தி கூடாது. அதன் மடிப்பில் வெங்காயச் சாறும் மண்ணும் புகுந்து நாறும், அழுத்தி நறுக்கும்போது பூட்டு நழுவினால் விரல் போய்விடும். ஒரே துண்டாக நிற்கிற கத்தி வேண்டும், அதற்கு உறை வேண்டும், எடை உறையோடு நூறு கிராமுக்குள் இருக்க வேண்டும். மொத்தப் பையும் ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது.

"நல்ல கத்தி கெடைச்சா வர்றேன்" என்றார் மதினி.

அந்த ஒரு வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். கத்தி கிடைத்தால் மதினி வருவார். கிடைக்காவிட்டால் வரமாட்டார். அவர் வராவிட்டால் நானும் போவதில்லை என்று அப்போதே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், மதினி எங்கள் வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அடுப்பு இல்லாத இடத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனார், கல்யாணம் காட்சிக்குப் போனார், எங்கள் அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆஸ்பத்திரியிலும் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். நான் டீச்சர் டிரெயினிங் படித்த காலத்தில் தினமும் எனக்குத் தூக்குச்சட்டி கட்டிக்கொடுத்தவர் அவர்தான். இந்த மனுஷியை ஒரு பாறை மேல் உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு அப்போது இல்லை.

முதலில் அவருடைய அடுப்படிக் கத்தியையே எடுத்து வந்தார். மரப்பிடி போட்ட இரும்புக் கத்தி, அகலமாக, பூசணிக்காயைப் பிளக்கிற கத்தி. அண்ணன் கடையில் ஏலக்காய் நிறுக்கிற தராசு இருக்கிறது, கிராம் கணக்கு துல்லியமாகக் காட்டும். அதில் வைத்தோம். முந்நூறைத் தாண்டியது.

"இது வேணாம் மதினி."

"இருத்தா. ஒரு சேலைய எடுக்காம விட்டுர்றேன். சரியாப் போகும்ல?"

உள்ளே போய் சேலையை எடுத்து வந்து தராசில் வைத்தார். அப்புறம் சீப்பு. அப்புறம் நைட்டி. கடையில் சீரகம் வாங்க வந்த ஆள் காத்துக்கொண்டு நிற்கிறார், தராசில் மதினியின் பூப்போட்ட நைட்டி உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதை விட்டாலும் கத்தி நூறு கிராமுக்குள் வராது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் சீரகக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

இரண்டாவது கத்தியை நான் ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் சாதுவாக இருந்தது. பெட்டியைப் பிரித்தால் கன்னங்கரேல் என்று முழங்கை நீளத்துக்கு ஒன்று வெளியே வந்தது. முதுகில் ரம்பப் பல், பிடியில் திசைகாட்டி, பிடிக்குள்ளே தூண்டில் முள். யாரோ போருக்குப் போகிறவனுக்குச் செய்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாரத்துக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார், அதில் நான்கை அன்றைக்குச் செலவழித்தார்.

"யார வெட்டப் போறீக ஆத்தா?"

திருப்பி அனுப்பினோம். பார்சல்காரப் பையன் என்னை மரியாதையோடு ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

மூன்றாவது தேனிப் பாத்திரக் கடையில் கிடைத்தது. பச்சைப் பிளாஸ்டிக் பிடி, மெல்லிய அலகு, தூக்கினால் காற்று மாதிரி இருந்தது. அறுபது கிராம்கூட இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த பஸ்ஸில் சின்னமனூர் போய்ச் சேர்ந்தேன். மதினி சேனைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கத்தி தேடுவதற்கு நான் கிராம் வைத்திருந்தேன், அவர் சேனைக்கிழங்கு வைத்திருந்தார். அழுத்தினார். அலகு கிழங்குக்குள் நின்றது, பிடி மட்டும் கையோடு வந்தது.

"பாரு. இரும்பு பிடிக்குள்ள பாதி விரலுக்குக்கூடப் போகல. கடைசி வரைக்கும் போகணும். பிடியும் கத்தியும் ஒண்ணா இருக்கணும்."

அது உண்மைதான், அந்த மதுரைப் பெண்ணும் அதையேதான் சொல்லியிருந்தாள். ஆனால் அன்றைக்கு எனக்கு வேறொரு சந்தேகம் தட்டியது. காட்டில் யார் சேனைக்கிழங்கு நறுக்கப் போகிறார்கள்? நாங்கள் கொண்டுபோவது வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய். பத்துப் பெண்கள் நான்கு நாள் சுமக்கிற பையில் சேனைக்கு எங்கே இடம்?

இன்னும் இரண்டு மூன்று கத்திகள் வந்து போயின. ஒன்றின் பிடி வழுக்கியது. ஒன்றுக்கு உறை இல்லை. ஒன்று எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது, அதன் நிறம் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றார். நிறமா! தோட்டத்துத் திராட்சையை வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு போவோம் என்று ஒரு நாள் நானே சொன்னேன். அவ்வளவு வெறுத்துப்போயிருந்தேன். அதற்கும் மதினி நிதானமாக, "அதுல வெங்காயத்த எப்படித்தா நறுக்குவ?" என்று கேட்டார்.

அப்படியே ஒரு சனிக்கிழமை வந்தது. இன்று சாயங்காலத்துக்குள் வருகிறோமா இல்லையா என்று உறுதியாகச் சொல்லுங்கள், வேறு இரண்டு பேர் உங்கள் கூடாரத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று மதுரைப் பெண் போனில் சொன்னாள். நான் நேராகச் சின்னமனூருக்குப் போய், மதினியை அடுப்படியிலிருந்து கையைப் பிடித்து இழுத்து, குமுளி பஸ்ஸில் ஏற்றினேன். குமுளிக்கு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், காட்டுக்குப் போகிறார்கள், அங்கே கத்தி இல்லாமல் இருக்காது என்பது என் கணக்கு.

பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மடியில் ஒரு துணிப்பையை அணைத்து வைத்திருந்தார். கம்பம் தாண்டியதும் அவருக்குக் குஷி வந்துவிட்டது. கூடலூரில் ஜீப்புகளில் ஏறுகிற தோட்டத்துப் பெண்களைப் பார்த்துக் கை காட்டினார். அவர்களும் யாரோ சொந்தக்காரி என்று நினைத்துத் திருப்பிக் கை காட்டினார்கள். மலைப்பாதை வளைவில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி 'ஏ' என்று கத்தினோம். கண்டக்டர் முறைத்தார். நாங்கள் அவரைப் பார்த்து இன்னும் ஒரு தடவை கத்தினோம்.

குமுளியில் நான்காவது கடையில் அந்தக் கத்தி இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓரமாகக் கிடந்தது. அலகு நான்கு விரல் நீளம். மெலிசு, ஆனால் வளையவில்லை. இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் போயிருந்தது. கனம் குறைவதற்காக அதில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் மெல்லிய மரப்பட்டை ஒட்டியிருந்தார்கள். கெட்டியான பிளாஸ்டிக் உறை, செருகினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. பக்கத்துக் கடை மிளகு, ஏலக்காய்க் கடை. ஓடிப்போய் அவர்கள் தராசில் வைத்தேன். உறையோடு எண்பத்தெட்டு கிராம். அந்தக் கடைக்காரருக்கு நான் யாரென்றே தெரியாது, அவரிடமே கைகொடுத்துவிட்டு வந்தேன்.

மதினி துணிப்பையைத் திறந்தார். உள்ளே இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம், ஒரு வெள்ளரிக்காய். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டி மேல் செய்தித்தாளை விரித்து, பழுத்த தக்காளியை வைத்து, கத்தியை மேலே வைத்தார். அழுத்தவே இல்லை. தோல் கசங்காமல், ஒரு சொட்டு சிந்தாமல், வில்லை வில்லையாக விழுந்தது. அப்புறம் வெங்காயம். அப்புறம் வெள்ளரிக்காய். கடைக்காரர் மலையாளி, வழுக்கைத் தலை, நல்ல மனுஷர். முதலில் திகைத்தவர், பிறகு உள்ளே போய் உப்பும் மிளகுப்பொடியும் எடுத்துவந்தார். மூன்று பேரும் கடையில் நின்று சாலட் தின்றோம். கடைக்கு வந்த ஒரு வடநாட்டுத் தம்பதி இது இங்கே விற்பனைக்கு உள்ள பண்டம் என்று நினைத்து விலை கேட்டார்கள்.

"நல்ல சாதனமாணு சேச்சி" என்றார் கடைக்காரர், நல்ல பொருள் என்று.

மதினி கத்தியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவர் மகன் பிறந்தபோது பார்த்திருக்கிறேன். சரி, முடிந்தது என்று நான் போனை எடுத்தேன், மதுரைப் பெண்ணுக்குச் சொல்ல.

"ஏத்தா, இன்னைக்கி என்ன கெழம?" என்றார் மதினி.

நான் போனைக் கீழே இறக்கினேன்.

சனிக்கிழமையில் எங்கள் பக்கம் இரும்பு வாங்க மாட்டார்கள். இரும்பு சனீஸ்வரனுடைய பொருள், அன்றைக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவரையே கையைப் பிடித்துக் கூட்டிவந்த மாதிரி. ஆணிகூட வாங்க மாட்டோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அவர் கிரகம், எங்கோ வானத்தில் இருப்பார். எங்களுக்குக் குச்சனூரில் இருக்கிறார், சின்னமனூரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற பெரிய மனுஷரிடம் மாதிரி அவரிடம் நாங்கள் மரியாதையாக நடந்துகொள்வோம். கிழமை எனக்குத் தெரியும். கத்தி வாங்கப் போகிறோம் என்பதும் தெரியும். இரண்டையும் நான் சேர்த்தே பார்க்கவில்லை. இத்தனை நாளாகக் கத்தியைக் கிராமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், இரும்பாக நினைக்கவே இல்லை.

"மதினி, இது இரும்பு இல்ல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்."

"ஸ்டீலு இரும்புதான?"

"இல்ல. அது வேற, இது வேற."

வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு உலோகக்கலவைப் பாடம் நடத்துகிற நான், நடுக்கடையில் நின்று கூசாமல் புளுகினேன். குரோமியம் என்றேன், நிக்கல் என்றேன், இது துருவே பிடிக்காது, துருப் பிடிக்காதது எப்படி இரும்பாகும் என்றேன். கடைக்காரர் என் பக்கம் சேர்ந்துகொண்டு, "இரும்பல்ல சேச்சி, இது ஜெர்மன்" என்றார்.

மதினி கடை வாசலுக்குப் போனார். அங்கே ஊர் சுற்ற வருபவர்களுக்காகத் தொங்கவிட்டிருந்த யானை பொம்மைக் காந்தங்களில் ஒன்றை எடுத்துவந்தார். எங்கள் வீட்டுச் சில்வர் தட்டில் காந்தம் ஒட்டாது, கத்திக்குப் போடுகிற ஸ்டீலில் ஒட்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒட்டக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். யானை பாய்ந்து போய் அலகில் உட்கார்ந்தது.

கடைக்காரர் விடவில்லை. பீங்கான் கத்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். பைக்குள் இரண்டு தடவை இடிபட்டால் உடைந்துவிடும் என்று மதினி தள்ளிவைத்தார். பில்லில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டுத் தருகிறேன் என்றார் அவர். "சாமி என்ன பில்லு பாத்தா வர்றாரு?" என்று மதினி கேட்டதும் அவரும் அடங்கிவிட்டார். நாளைக்கு வாங்கலாம் என்றால், மதுரைப் பெண்ணுக்கு இன்று சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும்.

மதினி கத்தியை உறையில் செருகி, கண்ணாடி மேல் வைத்துவிட்டு, வெளியே நடந்தார். நடையில் ஒரு லேசு இருந்தது. வீட்டுப்பாடம் கேட்காமல் மணி அடித்துவிட்டால் பிள்ளைகள் எழுந்து போவார்களே, அந்த லேசு. டீச்சருக்கு அது தெரியாமல் போகாது.

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்க மாட்டேன். நடுத்தெருவில், ஜீப்காரர்கள் சவாரிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், கத்திவிட்டேன்.

"வரப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லுங்க மதினி! அத விட்டுட்டு சேனைக்கெழங்குங்கிறீக, கலரு சரியில்லேங்கிறீக, இப்ப சனியன இழுக்குறீக! எத்தன கத்திதான் நான் தூக்கிட்டு அலையுறது? பயமா இருக்கா? காட்டுக்குப் பயமா? அட்டைக்குப் பயமா? சொல்லித் தொலைங்களேன்!"

ஒரு ஜீப்காரர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மதினி என் கையைப் பிடித்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார். இரண்டு டீ சொன்னார். டீ வருகிற வரைக்கும் முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"காட்டுக்கென்ன பயம்" என்றார். "நான் வீட்டுக்குத்தான் பயப்படுறேன்."

"வீட்டுக்கா? அண்ணே ஏதும் சொன்னாகளா?"

"உங்க அண்ணே என்ன சொல்வாக, போயிட்டு வான்னுதான் சொன்னாக." டீயை வாங்கினார், குடிக்கவில்லை. "நான் இல்லாம ஒரு நாளு அந்த வீட்ல ஒரு வேல நடக்காதுன்னு இருபத்தேழு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். அதுதான் எனக்குச் சம்பளம் மாதிரி. நாலு நாளு போயிட்டு வந்து பாத்தா, எல்லாம் நல்லாத்தான் நடந்துருக்குன்னு வச்சுக்க. அப்பறம் நான் யாருத்தா?"

வகுப்பில் தெரியாத கேள்வி வந்தால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளிப்பேன். அந்த பெஞ்சில் அது வாய்க்கு வரவில்லை. கத்தினதற்கு வெட்கமாக இருந்தது. அவர் மேல் பாசம் பொங்கி வந்தது. அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? அவர் கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். நேராகக் கடைக்குள் போனார்.

"அந்தக் கத்தியக் குடுங்க."

கடைக்காரர் பதறினார். "இன்னு சனியாழ்ச்சயல்லே சேச்சி?"

"சனிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க குடுங்க."

சொன்ன மாதிரியே பேசினார். திரும்பும்போது சின்னமனூரில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்துக் குச்சனூர் போனோம். கத்தியோடு என்னைச் செருப்பு விடுகிற இடத்தில் நிற்க வைத்துவிட்டு, எள் விளக்கு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"என்ன சொன்னீக சாமிகிட்ட?"

"ஆமா, இன்னைக்கித்தான் வாங்குனேன், ஒளிக்க மாட்டேன்னேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்க, ஆனா நான் மலைக்குப் போயிட்டு வந்தப்பறம் செய்யின்னேன்."

"அவரு என்ன சொன்னாராம்?"

"கூட்டமா இருந்துச்சு. பதில் சொல்ல நேரமில்ல அவருக்கு."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, சின்னமனூர் வருகிற வரைக்கும் சிரித்தோம். ஆட்டோக்காரர் கோயிலுக்குப் போய்விட்டு இப்படிச் சிரித்துக்கொண்டு வருகிற இரண்டு பெண்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நான் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் மதுரைப் பெண்ணுக்கு 'வருகிறோம்' என்று அனுப்பினேன்.

மலையில் கத்தி அதன் வேலையைச் செய்தது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல கத்தியைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்காது. முதல் நாள் மத்தியானமே பத்துப் பெண்களும் அதைக் கேட்டு வாங்கி நறுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளரிக்காய், வெங்காயம், கொய்யா, ஒருத்தியின் செருப்பு வார், கூடாரத்துக் கயிறு. மதினி அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தார். சுடிதாரில் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்று பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்ப்பார், "அந்தா பாரு, அங்கன வெளிச்சமாத் தெரியிறது நம்ம ஊரு கம்மா" என்பார். அது எந்த ஊர்க் கண்மாய் என்று யாருக்கும் தெரியாது. ஆமாம் என்பேன். என் ஆசைப்படியே ஒரு பாறை மேல் உட்கார்ந்து டீயும் குடித்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை, டீயில் இஞ்சி போதவில்லை என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மேலே போன் எடுக்காது. மூன்றாம் நாள் காலை ஒரு முகட்டில் ஏறியதும் எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் கூவ ஆரம்பித்தன. கேஸ் புத்தகம் எங்கே, பீரோ சாவி எங்கே, மாமாவுக்கு மாத்திரை எது, எப்போது வருவாய். ஒருத்திக்கு முப்பது அழைப்புக்கு மேல் வந்திருந்தது. திட்டிக்கொண்டே, உள்ளூர ரொம்பச் சந்தோஷத்தோடு திரும்பக் கூப்பிட்டாள்.

மதினி தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது கூவவில்லை. தட்டிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"இது வேல செய்யுதான்னு பாருத்தா."

வேலை செய்தது. சிக்னல் முழுசாக இருந்தது. அண்ணனிடமிருந்தும் மகனிடமிருந்தும் ஒரு அழைப்பு, ஒரு செய்தி கிடையாது. அண்ணன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உப்பு டப்பா எங்கே என்று ஒரு பொய்க்காவது கேட்டிருக்கக் கூடாதா? அவரை மலையிலிருந்தே திட்ட வேண்டும் போலிருந்தது. மதினி போனை வாங்கி, தானே கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று காதை நீட்டினேன்.

"சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டார்களாம்.

"என்னத்தச் சாப்பிட்டீக?"

அண்ணன் புளிக்குழம்பு வைத்தாராம். மகன் அப்பளம் பொரித்தானாம்.

"வெந்தயம் போட்டீகளா? கருகல்ல?"

போட்டாராம். கருகவில்லையாம். பால் வாங்கி உறை ஊற்றியாகிவிட்டதாம், துணி காய்ந்து மடித்தாகிவிட்டதாம். "ஒண்ணும் கவலப்படாத, நீ நல்லா சுத்திப் பாத்துட்டு வா" என்று அண்ணன் உற்சாகமாகச் சொன்னது எனக்கே கேட்டது. மதினி போனை வைத்தார். வைத்துவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்குத்தான் பயந்தார். இதற்குத்தான் நான் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன்.

"வருத்தமா இருக்கா மதினி?"

"இருக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெறையா இருக்கு."

அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் சத்தமாக, அப்புறம் நிற்க முடியாமல் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தா, நான் இல்லாம முடியாது முடியாதுன்னு ஒரு இடத்துக்குப் போகாம உக்காந்துருந்தேனே! இவுகளுக்குப் புளிக்கொழம்பு வைக்கத் தெரியும்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா இந்நேரம் நான் இமயமலையவே பாத்துருப்பேன்ல!"

எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். அவர் எழுந்து, பையைச் சரிசெய்துகொண்டு, முன்னால் நின்றிருந்த மதுரைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அடுத்தாப்புல எங்கன கூட்டிட்டுப் போற? எங்க ரெண்டு பேரையும் இப்பவே சேத்துக்க. நாலு நாளெல்லாம் எனக்குப் பத்தாது."